பழைய கார் வாங்கப் போறீங்களா? பெயிண்ட்டைப் பார்க்கும் முன் சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்க!

'சிங்கிள் ஓனர்… ஏசி சில்லுனு இருக்கும்… இன்ஜின் இன்னும் கழட்டல… ஒரு ரூபா செலவு இல்ல, எடுத்தா ஓட்டிட்டுப் போயிரலாம்.' தென்காசி, சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றும் பழைய கார் விளம்பரம் எதை எடுத்தாலும் இதில் ஒரு வரியாவது இருக்கும். கூடவே தண்ணி அடித்து, டயருக்குக் கறுப்பு பாலிஷ் போட்டு எடுத்த நாலு படம். அந்தப் படங்களை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த வண்டி எங்கே நின்றுகொண்டிருந்தது?

கீழப்பாவூரில் ஒரு குடும்பம் பழைய கார் வாங்குவது பெரும்பாலும் ஆசைக்காக மட்டும் இல்லை. நடுராத்திரியில் யாருக்காவது முடியாமல் போனால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர் போக வேண்டும். கல்யாணம், கோயில் கொடை, பிள்ளைகளின் காலேஜ் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் அந்த வண்டி. அதற்கான இரண்டு, மூன்று லட்ச ரூபாய் நகையை அடகு வைத்தோ, சீட்டு எடுத்தோ வருகிற பணம். வாங்கிய ஆறாவது மாதத்தில் வண்டி ஷெட்டில் படுத்துவிட்டால், வண்டியும் இருக்காது, நகையும் மீளாது.

சின்னச் சின்னக் கீறலையும் டயரையும் பார்த்துப் பேரம் பேசும் நம்ம ஆட்கள், வண்டி எந்த ஊரில் இருந்தது, யார் பெயரில் இருந்தது, தண்ணீரில் நின்றதா என்பதைக் கேட்பதே இல்லை. பெரிய செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

தண்ணீரில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் மழையைத் தென் மாவட்டத்துக்காரர்களுக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை தாண்டியது. திருநெல்வேலி ஜங்ஷன் பகுதியும் தூத்துக்குடி நகரமும் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. அதற்கு முன்னால் 2018 ஆகஸ்ட்டில் கேரளா, 2015 டிசம்பரில் மறுபடியும் சென்னை. இந்த நாலு வெள்ளத்திலும் நின்ற கார்கள் எல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடவில்லை. கழுவிக் காயவைத்து, சீட் கவர் மாற்றி, விற்பனைக்கு வந்தவையும் உண்டு.

இதில் ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். புதுக் கார் வெள்ளத்தில் மாட்டினால் முழு இன்சூரன்ஸ் இருக்கும். பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நிறுவனம் அதை முழு இழப்பாக எடுத்துக்கொள்ளும். எப்படியும் ஒரு க்ளெய்ம் பதிவாவது இருக்கும். ஆனால், பத்து வயசான காருக்குப் பெரும்பாலானவர்கள் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான் போடுகிறார்கள். அதில் வெள்ளச் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. ஓனர் சொந்தக் காசில் உள்ளூர் ஷெட்டில் வேலை பார்த்துவிட்டு விற்றுவிடுவார். எந்த ஆவணத்திலும் அந்த வெள்ளம் இருக்காது.

அமெரிக்காவில் பல மாநிலங்களில், வெள்ளத்தில் மூழ்கி முழு இழப்பு என்று அறிவிக்கப்பட்ட காரின் உரிமைப் பத்திரத்திலேயே அதைக் குறிப்பிட்டுவிடுவார்கள். அடுத்து யார் வாங்கினாலும் தெரியும். நம்ம ஆர்.சி. புத்தகத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. வண்டி நிரந்தரமாக ஓட்ட முடியாத நிலைக்குப் போய்விட்டால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவு சொல்கிறது. 'கழுவி ஓட்டிக்கலாம்' என்று நினைப்பவர் அந்தப் பக்கம் போகவே மாட்டார்.

ஆக, கண்டுபிடிக்க வேண்டியது வாங்குகிறவர்தான். அதற்கு மெக்கானிக் மூளை தேவையில்லை, கொஞ்சம் பொறுமை போதும்.

முதலில் முன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். பெல்ட் சுருண்டிருக்கும் இடம் கதவுத் தூணின் அடியில் இருக்கிறது. சீட்டைக் கழற்றிக் காயவைப்பவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். கடைசி ஒரு முழ நீளத்தில் மட்டும் மண் நிறக் கறையோ, கோடு போட்ட மாதிரி நிற வித்தியாசமோ இருந்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்பதை அதுவே சொல்லிவிடும். பெல்ட்டில் தைத்திருக்கும் துணி லேபிளில் தயாரித்த தேதியும் பெரும்பாலும் இருக்கும். 2013 மாடல் காரில் 2019-ஆம் வருஷ பெல்ட் இருந்தால், ஏன் மாற்றினார்கள் என்று கேட்கலாம். பெரிய மோதலுக்குப் பிறகும் பெல்ட்டை மாற்றுவார்கள்.

அடுத்து டிரைவர் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி, அடியில் கையையும் செல்போன் டார்ச்சையும் விடுங்கள். சீட் ஓடும் தண்டவாளம், அதன் போல்ட், ஸ்பிரிங் எல்லாம் துருவேறி இருக்கிறதா? மேலே இருக்கும் உலோகம் பளிச்சென்றும், கீழே இருப்பது மட்டும் செம்மண் நிறத்திலும் இருந்தால் சந்தேகப்படலாம். தரை மேட்டைத் தூக்கி, அதற்குக் கீழே இருக்கும் கார்ப்பெட்டின் ஓரத்தையும் கொஞ்சம் கிளப்பிப் பாருங்கள். ஈரம், மண், பூஞ்சை வாசம்? டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தைப் பாருங்கள். அங்கே வண்டல் தங்கினால் லேசில் போகாது. ஹெட்லைட்டுக்குள் படிந்த கோடு, ஃப்யூஸ் பெட்டியின் மூலையில் நைஸான மண், டேஷ்போர்டுக்கு அடியில் பச்சைப் பூத்த ஒயர் கனெக்டர் எல்லாம் அதே கதையைத்தான் சொல்லும்.

பதினைந்து வருஷ வண்டியில் கார்ப்பெட்டும் சீட்டும் புத்தம் புதுசாக இருந்து, உள்ளே நாலு ஏர் ஃப்ரெஷ்னர் தொங்கினால் சந்தோஷப்பட வேண்டாம். அதெல்லாம் எடுக்கச் சொல்லிவிட்டு, கண்ணாடிகளை மூடி, வெயிலில் அரை மணி நேரம் நிறுத்தி, கதவைத் திறந்து மோந்து பாருங்கள்.

இவ்வளவு பயம் எதற்கு என்றால், தண்ணீர் காரை உடனே கொல்வதில்லை. இன்று ஸ்டார்ட் ஆகும், நாளையும் ஆகும். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் கட்டிலும் கனெக்டர்களிலும் துரு மெதுவாக ஏறும். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் பெட்டி பல கார்களில் கியர் லிவரை ஒட்டி, தரை மட்டத்தில்தான் இருக்கிறது. பவர் விண்டோ நிற்பது தொல்லை. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரியாமல் போவது வேறு விஷயம். சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து, சில வினாடியில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருந்தாலும் கோளாறு. எரியவே இல்லை என்றால் யாரோ பல்பைப் பிடுங்கியிருக்கலாம், அது இன்னும் மோசம்.

நம்பர் பிளேட் சொல்லும் ஊர்

தென்காசி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண் டிஎன் 76. டிஎன் 72 என்றால் திருநெல்வேலி, டிஎன் 69 தூத்துக்குடி, டிஎன் 92 திருச்செந்தூர். தூத்துக்குடி, திருச்செந்தூர் வண்டி என்பதாலேயே அது மூழ்கிய வண்டி ஆகிவிடாது. மாடியிலோ மேட்டிலோ நின்று தப்பிய வண்டிகளும் உண்டு. ஆனால், கடற்கரைக் காற்றில் வளர்ந்த வண்டிக்கு அடிப்பக்கத் துரு கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. அதனால் அந்த எண்களுக்கு மேலே சொன்ன சோதனைகளை இரட்டிப்பு கவனத்தோடு செய்யலாம்.

புளியரை தாண்டினால் கேரளா என்பதால், கேஎல் 02 கொல்லம், கேஎல் 25 புனலூர் வண்டிகளும் இங்கே விலைக்கு வரும். விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும். கணக்கை முழுசாகப் போட்டால்தான் உண்மை விளங்கும். வேறு மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்தே ஆக வேண்டும். அதற்குப் பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வேண்டும். வண்டியின் வயசைப் பொறுத்து தமிழ்நாட்டு ஆயுள் வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பி வாங்கலாம் என்பது சட்டப்படி சரி. அதற்கு எத்தனை நடை என்பதை அனுபவப்பட்டவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டெல்லி வண்டி கதையும் இதே மாதிரிதான். டெல்லி வட்டாரத்தில் 10 வருஷம் தாண்டிய டீசல் காரும், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் காரும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை வழிமொழிந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து பெரிய டீசல் வண்டிகள் மலிவாகத் தெற்கே வருவது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி ஒரு வயது வரம்பு இல்லை. ஆனால் தடையில்லாச் சான்று கையில் இல்லாமல், 'அனுப்பி வைக்கேன் அண்ணாச்சி' என்ற பேச்சை நம்பி அட்வான்ஸ் கொடுத்தால், வண்டி வீட்டு வாசலில் நிற்கும், பெயர் மட்டும் மாறாது.

ஆர்.சி-யில் என்னென்ன பார்ப்பது?

வண்டி எண்ணை பரிவாகன் தளத்திலோ, எம்பரிவாகன் செயலியிலோ போட்டாலே பாதி விஷயம் வந்துவிடும்: பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது, கடன் இருக்கிறதா. இ-சலான் பாக்கியைத் தனியாகப் பாருங்கள். திருட்டு வண்டியா என்று சந்தேகம் இருந்தால், தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய் தளத்தில் தேடலாம்.

சொந்தக் காரின் பதிவு 15 வருஷம்தான் செல்லும். அதற்குப் பிறகு தகுதிச் சோதனை செய்து ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் ஆனது. 20 வயது தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்ட்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். தேதி தாண்டிவிட்டால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல். இரண்டு வருஷம் புதுப்பிக்காமல் நின்ற கார் என்றால் தாமதத்துக்கு மட்டும் 12,000 ரூபாய். அதோடு பசுமை வரியும் சேரும். '2009 மாடல், 90 ஆயிரத்துக்கு முடிச்சுக்கலாம்' என்று சொல்லும்போது இதெல்லாம் பேச்சில் வராது.

கடன் முடிந்தும் ஆர்.சி-யில் வங்கி பெயர் நீங்காத வண்டிகள் ஏராளம். பெயரை நீக்க வங்கியின் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். கடன் கொடுத்த வங்கியே இப்போது இல்லாமல் இருக்கலாம். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது. விஜயா, தேனா வங்கிகள் அதற்கு முந்தைய வருஷம் பேங்க் ஆஃப் பரோடாவோடு சேர்ந்தன. அந்தக் கடிதத்தை விற்பவர் வாங்கித் தரட்டும். அதற்குப் பிறகு மிச்சப் பணம் கொடுத்தால் போதும்.

ஓனர் இறந்துவிட்டார் என்றால் படிவம் 31-ம் வாரிசுச் சான்றும் இல்லாமல் பெயர் மாறாது. ஓனர் துபாயிலோ சவுதியிலோ இருக்கிறார் என்றால், பெயர் மாற்றத்துக்கான ஓடிபி எந்த எண்ணுக்குப் போகும், அந்த எண் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மச்சான் வந்து கையெழுத்துப் போட்டால் ஆகாது.

மஞ்சள் போர்டிலிருந்து வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டி என்றால் தனிக் கவனம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன், கார்த்திகை பிறந்தால் சபரிமலை என்று மலை ஏறி இறங்கியே ஓடிய வண்டியாக இருக்கலாம். அதில் தப்பில்லை; நல்ல டிரைவர்கள் வண்டியை ஒழுங்காகவும் வைத்திருப்பார்கள். ஆனால் சொந்த வண்டி விலையைக் கொடுக்கக் கூடாது.

சேஸிஸ் எண்ணை ஆர்.சி-யோடு ஒப்பிடுவதோடு நிறுத்தாமல், வண்டியில் அடித்திருக்கும் எழுத்துகளின் மேல் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள். சுற்றி வெல்டிங், புதுப் பெயிண்ட், மேடுபள்ளம் இருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். 17 இலக்க எண்ணின் முதல் மூன்று எழுத்து நிறுவனத்தைச் சொல்லும்: எம்ஏ3 மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏடி டாடா.

அடிபட்ட வண்டியை எப்படித் தெரிந்துகொள்வது?

பம்பரில் கீறல், கதவில் நசுங்கல் எல்லாம் நம்ம ஊர் சந்துகளில் ஓடிய வண்டிக்கு இயல்பு. பயப்பட வேண்டியது உள் எலும்பு அடிபட்டதற்குத்தான். பானெட்டைத் திறந்து, ரேடியேட்டரைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் இரண்டு பக்க ஏப்ரானையும் பாருங்கள். கம்பெனி போட்ட புள்ளி வெல்டிங் சீரான இடைவெளியில் வட்ட வட்டமாக இருக்கும். ஷெட்டில் போட்டது கரடுமுரடாக இருக்கும். பானெட், ஃபெண்டர் போல்ட் தலைகளில் பெயிண்ட் உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது என்று அர்த்தம். கதவு ரப்பர் பீடிங்கைக் கையால் இழுத்துவிட்டு, தூண்களிலும் அதே சோதனை. பட்டி பார்த்த இடத்தில் ஃப்ரிட்ஜ் காந்தம் சரியாக ஒட்டாது. பாட்டி காலத்து வைத்தியம் மாதிரி இருந்தாலும் வேலை செய்கிறது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே வைத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

வண்டியின் எல்லாக் கண்ணாடியிலும் ஒரே நிறுவன முத்திரை இருக்க வேண்டும். ஒன்று மட்டும் வேறு என்றால், அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள்.

மீட்டர் சொல்வது உண்மையா?

2012 மாடல், 48,000 கிலோமீட்டர். இருக்கலாம். டீச்சர் வீட்டு வண்டி, பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடியிருக்கலாம். ஆனால் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்து, டிரைவர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கிப்போயிருந்தால், மீட்டரை யாரோ திருத்தியிருக்கிறார்கள். டிஜிட்டல் மீட்டரைத் திருத்த முடியாது என்பது கட்டுக்கதை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பழைய சர்வீஸ் பதிவுகளும், அப்போதைய கிலோமீட்டரும் தெரியும். விற்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். வர மறுத்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-வது வாரம் செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருஷ டயர் விறைத்துப்போயிருக்கும்; 'நாலு டயரும் புதுசு' என்ற பேச்சு இங்கே அடிபடும்.

கிலோமீட்டர் குறைவு என்பதே நல்ல செய்தி என்றும் சொல்ல முடியாது. ஓனர் வெளிநாட்டில், வண்டி இரண்டு வருஷம் வீட்டுக் காரை ஷெட்டில் என்றால் எலி ஒயரைக் கடித்திருக்கும், டயர் ஒரே இடத்தில் நின்று தட்டையாகியிருக்கும், டேங்கில் பழைய பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும். தினமும் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போய்வந்த வண்டி இதைவிட ஆரோக்கியமாக இருக்கலாம்.

ஓட்டிப் பார்ப்பது எங்கே, எப்படி?

'நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம்' என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட்டிங் பிரச்சனையை மறைக்கிறார்களோ என்று யோசிக்க வேண்டியதுதான். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து சைலன்சரைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று அடிக்கக் கூடாது. ஷெட்டில் இதைத்தான் 'பேக் கம்ப்ரஷன்' என்பார்கள். இன்ஜின் தேய்ந்துவிட்டது என்பதன் அடையாளம். மூடியின் உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாக இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது.

ஊருக்குள்ளேயே இரண்டு தெரு சுற்றிவிட்டு 'நல்லாத்தான் இருக்கு' என்று முடிவெடுப்பதுதான் பலரும் செய்வது. கீழப்பாவூர்க்காரர்களுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. திருநெல்வேலி–தென்காசி சாலையில் 80-ஐத் தொட்டுப் பார்க்கலாம்: ஸ்டீயரிங் நடுங்குகிறதா, லேசாகப் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் அடித்தால் நேராக நிற்கிறதா. அப்படியே செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவு ஏற்றத்தில் ஏசி போட்டு, நாலு பேரை ஏற்றி ஏறினால் கிளட்ச் வழுக்குகிறதா, டெம்பரேச்சர் முள் ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். கிளட்ச் தேய்ந்திருந்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. மேடுபள்ளத்தில் மெதுவாக விட்டால் முன்பக்கம் 'டொக் டொக்' என்பது லிங்க் ராடோ, லோயர் ஆர்மோ, ஸ்டீயரிங் ராக்கோ. மூன்றுக்கும் செலவு வேறு வேறு.

திரும்பி வரும் வழியில் ஏதாவது ஒரு வாட்டர் சர்வீஸ் கடையில் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஒரு வாட்டர் வாஷ் காசில் அடிப்பக்கம் முழுவதும் தெரியும்: ஆயில் ஒழுகல், துரு, நசுங்கிய சேஸிஸ், வெட்டி ஒட்டிய வெல்டிங். உங்கள் சொந்த மெக்கானிக் அப்போது பக்கத்தில் இருக்க வேண்டும். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம். இரண்டு பக்கமும் கமிஷன் போகும் இடத்தில் உண்மை வராது. கடந்த பத்து, பன்னிரண்டு வருஷத்துக் கார் என்றால் ஸ்கேனர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். 'ஒரு எரரும் இல்ல' என்பது மட்டும் போதாது; நேற்றுத்தான் எரரை அழித்தார்களா என்பதையும் அதே ஸ்கேனரில் ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம்.

எந்த கார், எவ்வளவு?

மலிவாகக் கிடைக்கும் சில கார்கள் ஏன் மலிவு என்று யோசிக்க வேண்டும். செவர்லே 2017-ஓடு இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. ஃபியட்டும் கிளம்பிவிட்டது. ஃபியட் புன்ட்டோவின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜினும் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா கார்களில் இருந்ததும் ஒரே குடும்பம் என்பதால் இன்ஜின் சாமானுக்குப் பிரச்சனை குறைவு. கதவுக் கைப்பிடியோ ஹெட்லைட்டோ உடைந்தால்தான் அலைச்சல். மாருதி 800 நின்றது 2014-இல், ஆம்னி நின்றது 2019-இல். ஆனாலும் இரண்டுக்கும் சாமான் எந்த ஊரிலும் கிடைக்கும். கீழப்பாவூர் சுற்று வட்டாரத்தில் எந்த மெக்கானிக் எந்த வண்டி பார்ப்பார் என்று விசாரித்துவிட்டு மாடலை முடிவு செய்வது புத்திசாலித்தனம்.

பங்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்ற பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் வாக்கில்தான். பழைய கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொன்னது. ரப்பர் ஹோஸ், கேஸ்கெட் போன்றவற்றைச் சற்று முன்னதாகவே மாற்ற வேண்டி வரலாம். பெட்ரோல் வாசம் அடிக்கிறதா என்று பானெட்டுக்குள் ஒரு தடவை மோந்து பாருங்கள். பாதுகாப்பு விஷயமும் இருக்கிறது: ஏபிஎஸ் பிரேக் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில். அதற்கு முந்தைய அடிப்படை மாடல்களில் இரண்டும் இல்லாமல் இருக்கலாம்.

விலை பேசும்போது, 2025 செப்டம்பர் 22 முதல் சின்னப் புதுக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததை மறக்காதீர்கள். 'இந்த மாடல் புதுசு ஏழு லட்சம் அண்ணாச்சி' என்று புரோக்கர் சொல்வது பழைய விலைப்பட்டியலாக இருக்கலாம். மெக்கானிக் எழுதிக் கொடுக்கும் வேலைகள், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ், ஆர்.சி. புதுப்பித்தல் எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டி, கேட்ட விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.

இன்சூரன்ஸ் தாளில் 'நோ க்ளெய்ம் போனஸ்' எவ்வளவு என்றும் பாருங்கள். முழு இன்சூரன்ஸ் தொடர்ந்து போட்டவருக்கு அது 50 சதவீதம் வரை ஏறியிருக்கும். பூஜ்யம் என்றால், சமீபத்தில் க்ளெய்ம் எடுத்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள். அந்த போனஸ் விற்பவருக்குத்தான் சொந்தம், வண்டியோடு வராது. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றிவிட வேண்டும்.

கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவம் ஏன் ஆபத்து?

படிவம் 29, 30-இல் விற்பவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி, பெயர் எழுதாமல் வைத்துக்கொண்டு கைமாற்றி விடுவது இந்தத் தொழிலில் ரொம்பக் காலமாக நடக்கிறது. 'ஓப்பன் ஃபார்ம்' என்பார்கள். நீங்கள் வாங்கும் வண்டி இப்படி மூன்று கை மாறியிருக்கலாம், ஆர்.சி-யில் இருப்பவருக்கு வண்டி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. விற்கிறவர்களுக்கும் இதில் பெரிய கண்டம் இருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில் 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்பு. வண்டியை எப்போதோ விற்றுவிட்டேன் என்று சொன்னால் எடுபடாது.

ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளிலும், வாங்கியவர் 30 நாளிலும் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பழைய கார் டீலர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி தங்கள் கைக்கு வந்ததை இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. டீலரிடம் வாங்கினால் அந்த அங்கீகாரச் சான்றைக் கேளுங்கள். கடைக்காரர் ரசீது கொடுத்து விற்றிருந்தால், பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகவாவது வழி உண்டு. தெரிந்தவர் மூலம் ஒரு தனிநபரிடம் வாங்கினால் அந்த வழியும் ஏறக்குறைய இல்லை. வெள்ளத்தில் நின்றதை மறைத்துவிட்டார் என்று சிவில் கோர்ட்டில் நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால் முழுப் பணத்தையும் சாவியோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பகுதியைப் பெயர் மாறிய பிறகு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தை ஆர்.சி-யில் பெயர் இருப்பவரின் வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், புரோக்கர் ஜிபேக்கு வேண்டாம். ஒப்பந்தத் தாளில் 'வெள்ளத்தில் மூழ்கியதோ, பெரிய விபத்தில் அடிபட்டதோ இல்லை' என்று ஒரு வரி எழுதி விற்பவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். நேர்மையானவருக்கு அதில் கஷ்டம் இருக்காது. வண்டியை எடுக்கும்போது தேதி மட்டும் போதாது, மணி, நிமிஷம், மீட்டர் கிலோமீட்டர் மூன்றையும் டெலிவரி சீட்டில் குறித்து இரண்டு பேரும் கையெழுத்திட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று காலை பத்து மணிக்கு ஆலங்குளத்தில் கேமராவில் விழுந்த இ-சலான் யாருக்கு என்ற சண்டை மாலையில் வராமல் இருக்கும்.